ஒருமையா, பன்மையா? வாசல் பலகையில் ஓர் இலக்கணச் சண்டை

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஆங்கில அறிவிப்பு ஒன்று தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். "ரெசிடென்ட்ஸ் மே பார்க் தேர் கார்ஸ் ஹியர்." அதாவது, குடியிருப்போர் தங்கள் கார்களை இங்கே நிறுத்தலாம்.

இரண்டு கார் வைத்திருப்பவர், "கார்ஸ் என்றுதானே எழுதியிருக்கிறது? இரண்டையும் நிறுத்துவேன்" என்பார். செயலாளரோ, "வீட்டுக்கு ஒரு கார்தான். வீடுகள் பல, அதனால்தான் கார்ஸ்" என்பார்.

யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரியே! அந்த வாக்கியம் இரண்டு பொருளுக்கும் இடம் தருகிறது.

ஆளுக்கு ஒன்று

பலரைப் பற்றிப் பொதுவாகச் சொல்லும்போது, ஆளுக்கு ஒன்றே இருந்தாலும் அதையும் பன்மையில் சொல்வதே ஆங்கிலத்தின் பெரும்பான்மை வழக்கு. மாணவர்கள் உயர்த்துவது "ஹேண்ட்ஸ்". விபத்தில் பலர் இழப்பது "லைவ்ஸ்". ஒருவருக்கு இரண்டு உயிர் என்று யாரும் எண்ணமாட்டார்கள். கார் அப்படியல்ல, சிலரிடம் ஒன்று, சிலரிடம் இரண்டு. குழப்பம் அங்கேதான்.

"ஈச் ரெசிடென்ட்" என்று மாற்றினாலும் வம்புதான். கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று கேட்பார்கள். "ஒன் கார் பெர் ஃபிளாட்" என்றால் வழக்குத் தீர்ந்தது.

புலி எத்தனை?

ஓர் இனத்தையே குறிக்க ஆங்கிலத்தில் மூன்று வழிகள் உண்டு: "எ டைகர்", "தி டைகர்", "டைகர்ஸ்". புலி இறைச்சி தின்னும் என்பதை மூன்றிலும் சொல்லலாம். முதல் இரண்டுக்கும் ஒருமை வினை. மூன்றாவதற்குப் பன்மை வினை.

ஆனால், டோடோ பறவை அழிந்துவிட்டது என்பதற்கு "எ டோடோ" பொருந்தாது. தனிப் பறவை சாகும், இனம்தான் அழியும். அங்கே "தி டோடோ" என்றோ "டோடோஸ்" என்றோ எழுத வேண்டும்.

தமிழர் தடுமாறுவது ஏன்?

"மாடு வந்தது", "மாடு வந்தன" இரண்டும் நல்ல தமிழ். பெயர் மாறவில்லை, வினைதான் எண்ணிக்கையைக் காட்டுகிறது. பால்பகா அஃறிணைப் பெயர் என்பது இதுவே. ஆங்கிலத்தில் "ஷீப்" போன்ற சில சொற்களுக்கே இந்தச் சலுகை உண்டு.

அந்தப் பழக்கத்தில், "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். "ஃப்ரெண்ட்ஸ்" என்பதே சரி. ஆனால் வினை "இஸ்". மாறாக, "இன்ஃபர்மேஷன்", "ஃபர்னிச்சர்" ஆகியவற்றுக்கு 'எஸ்' சேர்ப்பதும் பிழை. வேலைக்கான விண்ணப்பத்தில் முதலில் கண்ணை உறுத்துவது இவைதாம்.

சட்டம் கண்ட வழி

சட்டம் எழுதியவர்களுக்கும் இந்தத் தலைவலி இருந்தது. 1897-ம் ஆண்டின் பொது விதிகள் சட்டத்தின் 13-வது பிரிவு இதற்கு வழி செய்தது. மத்தியச் சட்டங்களில், பொருளோ சந்தர்ப்பமோ முரண்படாத வரை, ஒருமை பன்மையையும் பன்மை ஒருமையையும் குறிக்கும்.

அது நாடாளுமன்றம் இயற்றும் சட்டங்களுக்கு. வாசல் பலகை எழுதுகிறவர் எண்ணிக்கையைப் போட்டுவிடுவதே நல்லது. ஒரு சொல் கூடுதலாகும். ஒரு சண்டை குறையும்.