பண்டிகையில் அடுப்படிக்கும் ஓய்வு

சித்திரை பிறப்பதற்குப் பத்து நாள் முன்னதாகவே நம் இல்லங்களிற் பரபரப்புப் பிறந்துவிடுகின்றது. ஒட்டடை நீக்குதல், வெள்ளையடித்தல், புடைவை வாங்குதல், பலகாரஞ் சுடுதல் என்று வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. விடுமுறையாதலாற் பிள்ளைகளும் வீட்டிலேயே நிற்கின்றனர். கொழும்பில் உத்தியோகம் பார்ப்பவர்களும் வந்து சேருகின்றனர். இவ்வளவும் கழிந்தபின், வீட்டுத் தலைவியை நோக்கி, "வருடப்பிறப்பு எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒருமாதிரி முடிஞ்சுது" என்ற விடையே பெரும்பாலும் வரும். மகிழ்ச்சியாயிருந்தது என்று சொல்லவேண்டிய நாளை முடிந்தது என்று சொல்ல நேர்வதேன்? அதைக் குறித்தே நேயர்களுடன் சிறிது உரையாட விரும்புகின்றேன்.

என் சிறு பராயத்து நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வருகின்றது. மருத்துநீர் வைத்து நீராடிப் புத்தாடை உடுத்து, தந்தையார் கைவிசேடம் வழங்க அமர்ந்திருந்தார். நாங்கள் வயதின்படி வரிசையாக நின்று, வெற்றிலையில் வைத்த நெல்லையும் நாணயத்தையும் இரு கைகளாலும் வாங்கினோம். அம்மா மட்டும் வரவில்லை. "எண்ணெய் கொதிக்குது, நீங்கள் வாங்குங்கோ, நான் பிறகு வாறன்" என்று குசினியிலிருந்து குரல் மட்டும் வந்தது. அவர் சேலைத் தலைப்பிற் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபொழுது சுபநேரம் கடந்துவிட்டது. தந்தையாரும் உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். அம்மாவுக்குரிய வெற்றிலை தட்டத்திலேயே வாடிக் கிடந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வெற்றிலையை நான் இன்னும் மறக்கவில்லை.

அக்காலத்தில் வேலை இன்றையதிலும் மிகுதி. ஆயினும், மா இடிக்க அயலிலுள்ள பெண்கள் ஒரு முற்றத்திற் கூடுவார்கள். இரண்டு உலக்கைகள் மாறி மாறி விழ, மூன்றாமவர் அரித்துக் கொடுக்க, கதையும் சிரிப்புமாகப் பொழுது போகும். இன்று மாவை ஆலை அரைத்துத் தருகின்றது. அடுப்பும் வாயுவில் எரிகின்றது. வேலை குறைந்தது உண்மையே. ஆனால், வேலையினும் விரைவாகக் கைகள் குறைந்துவிட்டன. 1983 ஆம் ஆண்டுக்குப் பின்னர் பிள்ளைகளும் சகோதரரும் கடல் கடந்து சென்ற வீடுகள் எத்தனை! பத்துப் பேர் செய்த வேலையை ஒருவர் செய்யும்பொழுது, யந்திரங்கள் இருந்தும் சுமை சுமையாகவே இருக்கின்றது.

நேரத்தைப் பற்றிய பதற்றம் மற்றொன்று. இது பெரிதும் வேண்டாத பதற்றம் என்பது என் எண்ணம். சூரியன் மீன ராசியிலிருந்து மேட ராசிக்குப் புகும் வேளையே வருடப்பிறப்பு. அவ்வேளை ஆண்டுதோறும் ஏறக்குறைய ஆறு மணி பன்னிரண்டு நிமிடம் பிந்திச் செல்வதால், ஓராண்டு காலையிலும் மற்றோராண்டு நள்ளிரவிலும் வருகின்றது. ஆனால், விஷு புண்ணிய காலம் அதற்கு முன் பத்து நாழிகையும் பின் பத்து நாழிகையுமாகும். ஒரு நாழிகை இருபத்துநான்கு நிமிடமாதலின், எல்லாமாக எட்டு மணி நேரம் இருக்கின்றது. எட்டு மணி நேரத்துக்குள் ஒரு குடும்பத்தார் ஆறுதலாக நீராட இயலாதா? உறங்கும் குழந்தையைத் தட்டியெழுப்பி அழவைத்துத்தான் மருத்துநீர் வைக்க வேண்டுமா? வாக்கியமா, திருக்கணிதமா என்று வீட்டுக்குள் வாதாடுவோரும் உளர். ஊர்க்கோயில் எதைக் கைக்கொள்கின்றதோ அதையே கொண்டால் அவ்வாதம் அன்றே முடியும்.

இவ்விடத்தில் நம் சிங்கள அயலவரின் வழக்கமொன்றை எண்ணிப் பார்க்கலாம். சூரிய வட்டம் முழுவதும் ராசியெல்லையைக் கடக்கும் காலமென, வருடப்பிறப்பின் முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு மணி நாற்பத்தெட்டு நிமிடத்தை அவர்கள் ஒதுக்கி வைக்கின்றனர். 'நோனகதய' என்னும் அக்காலத்தின் முற்பாதியில் அடுப்பு எரிவதில்லை, தொழிலும் நடப்பதில்லை. முன்னரே சமைத்ததை உண்டு, கோயிலுக்குச் சென்று, விளையாடிப் பொழுது போக்குகின்றனர். பின்னர் சுபவேளையிலே அடுப்பு மூட்டிப் பாற்சோறு சமைக்கின்றனர். சமய நம்பிக்கை ஒருபுறமிருக்க, ஆண்டில் சில மணி நேரமாவது அடுப்படியில் நிற்பவருக்கு விடுதலை தந்த அந்த ஏற்பாடு மிக நன்று. நாமும் அதுபோல ஒரு வேளையை வகுத்துக்கொள்ளத் தடையில்லை.

அதற்கு வழி, பலகாரங்களைத் தெரிந்து செய்வதுதான். ஈரம் நின்றால் எதுவும் கெடும். பயற்றம் பணியாரத்துக்குப் பயறும் தேங்காய்ப்பூவும் நன்கு வறுபடுகின்றன. ஆகையால் அது பல நாள் இருக்கும். முறுக்கும் சீனி அரியதரமும் அவ்வாறே. இவற்றை முந்திய வாரத்திலேயே சுட்டு, ஆறியபின் தகரப் பேணியில் இறுக மூடி வைக்கலாம். வடையும் மோதகமும் அன்றன்று உண்பதற்குரியவை. அவற்றில் ஒன்று போதும். ஏழு வகை வைக்காவிட்டால் வந்தவர் குறை சொல்வார் என்று அஞ்சுகின்றோம். வந்தவரோ நான்கு வீடுகளில் உண்ட களைப்புடன், தேநீர் மட்டும் போதுமே என்று மனத்துள் வேண்டிக்கொண்டிருக்கின்றார்! தேங்காய் துருவுதல், முறுக்குப் பிழிதல், பாத்திரங் கழுவுதல் ஆகியவற்றை ஆண்பிள்ளைகளும் செய்யலாம். தந்தை செய்யக் கண்டால் மகன் மறுக்கமாட்டான்.

பணக்கவலையையும் சொல்லாமல் விடமுடியாது. பண்டிகை முற்பணம் கையில் வரும்பொழுது இனிக்கின்றது. பின்னர் மாதந்தோறும் சம்பளத்தில் கழிபடும்பொழுது கசக்கின்றது. பஞ்சாங்கம் கூறும் நிறத்தில் ஒரு கைக்குட்டையோ கரையோ இருந்தாலும் போதுமென்று எங்கள் பாட்டியார் கூறுவார். செலவில்லாத இன்பங்களுக்கு நம்மூரிற் குறைவுமில்லை. புளியமரத்தில் ஊஞ்சல் கட்டலாம். ஒழுங்கையிற் போர்த்தேங்காய் அடிக்கலாம்; உடைந்த தேங்காய் கறிக்குமாகும். மாலையிற் கிளித்தட்டு மறிக்கலாம். கொழும்பிலிருந்து இரவெல்லாம் பயணஞ்செய்து வந்தவரை மட்டும் முதல்நாள் உறங்க விடுங்கள்.

வெளிநாட்டு உறவுகளுடன் பேசுவதற்கும் ஒரு வேளை குறித்தல் நலம். சித்திரையில் நமக்குக் காலை ஆறரை மணியாகும்பொழுது, தொரன்ரோவில் முதல்நாள் இரவு ஒன்பது மணி. இலண்டனிலோ இரவு இரண்டு மணி. முன்கூட்டியே பேசி வைத்தால், சாப்பாட்டின் நடுவே தொலைபேசி ஒலிக்க, அதைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டு சோற்றை ஆறவிட வேண்டியதில்லை. முகம் பார்த்துப் பேசும் வசதி இருப்பதால், மருத்துநீர் வைக்கும் காட்சியை அங்குள்ள பேரப்பிள்ளைகளும் காணலாம்.

எங்கள் வீட்டில் இப்பொழுது ஒரு வழக்கம் உண்டு. கைவிசேட நேரத்துக்குக் கால்மணி முன்பாகவே அடுப்பை அணைத்துவிடுகின்றோம். எண்ணெய்ச் சட்டியை இறக்கி மூடிவைத்தபின்னரே தட்டத்தை எடுக்கின்றோம். அதிலுள்ள முதல் வெற்றிலை, குசினியில் நின்றவருக்கு.