மோட்டார் வாகன வர்ணக்கூடம்: பளபளப்பும் சுவாசமும் பற்றிய சில குறிப்புகள்

இலக்கியமும் பண்பாடும் பற்றிய ஆய்வுகளை எதிர்பார்த்து இதழைத் திறக்கும் வாசகருக்கு, மோட்டார் வாகனத்துக்கு வர்ணம் விசிறுவதற்கு வீட்டிலேயே கூடம் அமைப்பது பற்றிய கட்டுரை வியப்பளிக்கக்கூடும். ஆயினும் உழைப்பு எவ்வாறு பொருளினுள் மறைந்துபோகிறது என்பதை நாம் கோட்பாட்டளவில் பேசிவருபவர்கள். அம்மறைவு கண்கூடாக நிகழும் இடங்களுள் வாகனத்தின் மேற்பூச்சும் ஒன்று. முகம் தெரியும்படி மின்னும் ஒரு கதவில், அதனை மின்னச் செய்தவனின் கைத்தடயம் ஒன்றேனும் எஞ்சக்கூடாது என்பதே அத்தொழிலின் இலக்கணம். தடயம் வேறோரிடத்தில், அவனது நுரையீரலில், எஞ்சுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொடர்பைத் தீர்மானிப்பது வர்ணக்கூடம் என்னும் சிறிய அறையே. அவ்வறை எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாகனங்கள் ஆரம்பத்தில் குதிரை வண்டிகளைப் போலவே தூரிகையால் பூசப்பட்டன. எண்ணெய் வார்னிசை அடுக்கடுக்காகப் பூசி, உலர்த்தி, தேய்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்ட் நிறுவனம் 1914 முதல் 1925 வரை தனது 'ரீ' மாதிரி வாகனத்தைக் கறுப்பில் மட்டும் விற்றமைக்குக் காரணம் அழகியல் அன்று. சூளையில் விரைவாக உலரும் மலிவான பூச்சு கறுப்பாகவே கிடைத்தது. 1923இல் டியூபோன்ட் நிறுவனம் 'டூக்கோ' என்னும் நைத்திரோசெலுலோசுப் பூச்சைக் கொண்டுவந்ததும் நிலைமை மாறிற்று. வாரங்கள் மணித்தியாலங்களாயின, நிறங்கள் பெருகின, ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் 'ஓக்லண்ட்' வாகனம் நீல நிறத்தில் சந்தைக்கு வந்தது. நைத்திரோசெலுலோசு, போர்க்காலத்தில் வெடிமருந்தின் மூலப்பொருள். போர் முடிந்தபின் அதற்குப் புதிய சந்தை தேவைப்பட்டது என்பதும், டியூபோன்ட் அப்பொழுதே ஜெனரல் மோட்டோர்ஸின் பங்குகளில் ஏறத்தாழ 23 வீதத்தைத் தன்வசம் வைத்திருந்தது என்பதும் ஒருங்கே நோக்கத்தக்கன. வாகனப் பூச்சையும் துணியையும் விற்பதில் இப்பங்குடைமை அந்நிறுவனத்துக்கு நியாயமற்ற வாய்ப்பளித்தது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1957இல் தீர்ப்பளித்தது. நிறங்களின் சுதந்திரம் எனக் கொண்டாடப்பட்டதன் அடியில் ஏகபோகத்தின் கணக்கு இருந்தது.

விரைவில் உலரும் இப்பூச்சைத் தூரிகையால் சீராக இழுக்க முடியாது. தூரிகை மறுமுனையை அடையுமுன் முதல்முனை இறுகத் தொடங்கிவிடும். ஆகவே அமுக்கிய காற்றால் அதனைப் பனிப்புகாராகச் சிதறடிக்கும் விசிறு துப்பாக்கி இன்றியமையாததாயிற்று. அக்கருவியின் மூதாதை ஒரு மருத்துவக் கருவி. ஒகையோ மாநிலத்துத் தொலீடோ நகரில் டெவில்பிஸ் என்னும் வைத்தியர் 1880களின் பிற்பகுதியில் நோயாளரின் தொண்டைக்குள் மருந்தைத் தெளிப்பதற்கு ஒரு விசிறியை உருவாக்கினார். அவரது மைந்தர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே தத்துவத்தை வர்ணத்துக்குப் பயன்படுத்தினார். தொண்டையைக் குணப்படுத்தவென வந்த கருவி தொண்டைக்கு வேறொன்றைக் கொண்டுசேர்த்த கதையை நாம் மிகைப்படுத்த விரும்பவில்லை. எனினும் அது நினைவிற்கொள்ளத்தக்கது.

இவ்விடத்து மெக்சிக்கோவின் பொதுவுடைமை ஓவியர் தாவீத் அல்ஃபாரோ சிக்கேய்ரோஸைக் குறிப்பிடாது செல்ல இயலாது. 1932இல் லொஸ் ஏஞ்சலிசில் சுவரோவியம் தீட்டுகையில் அவர் தூரிகையைத் துறந்து விசிறு துப்பாக்கியைக் கையிலெடுத்தார். 1936இல் நியூயோர்க்கில் அவர் நடத்திய பரிசோதனைப் பட்டறையில் வாகனப் பூச்சுகளே ஓவிய ஊடகமாயின. இளம் ஜக்சன் பொலொக் அங்கு பங்குபற்றினார். 1939-40இல் மெக்சிக்கோ நகர மின்தொழிலாளர் சங்கக் கட்டடத்தின் மாடிப்படிச் சுவர்களில் அவர் குழுவாகத் தீட்டிய ஓவியமும் இவ்வழியில் உருவானதே. கைத்தொழில் யுகத்தின் கலை அந்த யுகத்தின் கருவிகளாலேயே ஆக்கப்பட வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. அதனை நாம் ஏற்கிறோம். ஆனால் தொழிற்சாலையின் கருவியை உவந்து வரவேற்ற அக்கலைக் கோட்பாடு, அக்கருவியைத் தொழிற்சாலையில் நாளெல்லாம் பிடித்து நிற்பவன் எதைச் சுவாசிக்கிறான் என்று கேட்கவில்லை. எமது விமர்சன மரபிலும் அக்கேள்வி அரிதாகவே எழுந்துள்ளது.

இனிக் கூடத்துக்கு வருவோம். துப்பாக்கியிலிருந்து புறப்படும் பூச்சு முழுவதும் தகட்டைச் சென்றடைவதில்லை. உயரமுக்கத்தில் இயங்கும் பழைய வகைத் துப்பாக்கிகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே படியும். எஞ்சியது அறைக்காற்றில் மிதக்கும். காற்றின் கனவளவைக் கூட்டி, முனையமுக்கத்தைச் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தலுக்கு மேற்படாது வைத்திருக்கும் துப்பாக்கிகள் பின்னர் வந்தன. தென் கலிபோர்னியாவின் காற்றுத்தர விதிகள் இவற்றிடம் குறைந்தது 65 வீதப் படிவை எதிர்பார்க்கின்றன. அப்பொழுதும் மூன்றிலொரு பங்கு காற்றிலேயே தங்குகிறது. இம்மிகையை அகற்றுவதும், ஈரமான பூச்சில் வெளித்தூசி ஒட்டாது காப்பதும் கூடத்தின் இரு பணிகள். முன்னது மனிதனுக்கானது; பின்னது பொருளுக்கானது. தம் வீட்டுக் கராஜில் கூடம் அமைப்போர் பெரும்பாலும் பின்னதையே மனதிற்கொண்டு தொடங்குகின்றனர்.

வீட்டுக் கூடத்தின் அமைப்பு எளியது. மரச்சட்டத்தாலோ பி.வி.சி. குழாய்களாலோ சட்டகம் கட்டி, பொலித்தீன் விரிப்பால் நாற்புறமும் மேலும் மூடுவர். ஒரு முனையில் வடிகட்டி பொருத்திய காற்றுவாயில். மறுமுனையில் வேறு வடிகட்டிக்குப் பின்னால் மின்விசிறி. விளக்குகளை விரிப்புக்கு வெளியே வைத்து உள்ளே ஒளி விழச்செய்வர். காற்றமுக்கியும் வெளியிலேயே இருக்கும். அதன் குழாயில் நீரையும் எண்ணெயையும் பிரிக்கும் பொறி இல்லையேல் பூச்சில் கண்கண்ணாகக் குழிகள் தோன்றும். தூசி எழாதிருக்கத் தரையை நனைப்பதும் உண்டு. இவற்றுள் எதுவும் கடினமானதன்று. கடினம் காற்றின் கணக்கிலேயே உள்ளது.

தொழிற்கூடங்களில் நெடுங்காலமாகக் கொள்ளப்படும் அளவு, காற்று அறையின் குறுக்குவெட்டு முழுவதிலும் நிமிடத்துக்கு 100 அடி, அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 0.5 மீற்றர், நகரவேண்டும் என்பதாகும். 3 மீற்றர் அகலமும் 2.4 மீற்றர் உயரமும் கொண்ட சிறு கூடத்தின் குறுக்குவெட்டு 7.2 சதுர மீற்றர். இதனை 0.5ஆல் பெருக்கினால் செக்கனுக்கு 3.6 கன மீற்றர். மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 13,000 கன மீற்றர். வீடுகளில் சன்னலில் வைக்கும் 20 அங்குலப் பெட்டி விசிறி, எதிர்ப்பு எதுவுமின்றிச் சுழலும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 1 கன மீற்றரையே தள்ளும். நான்கினை வைத்தால் கணக்குச் சரியெனத் தோன்றும். ஆனால் முன்னால் ஒரு வடிகட்டியை வைத்ததும் அவ்விசிறியின் வலு வெகுவாகத் தளர்ந்துவிடும். வடிகட்டியில் வர்ணம் படியப்படிய மேலும் தளரும். தடையை எதிர்த்துக் காற்றை இழுப்பதற்கு ஆக்கப்பட்ட விசிறி வேறு, வெப்பம் தணிக்க ஆக்கப்பட்ட விசிறி வேறு. வெளியேறும் அளவு காற்று உள்ளே வரவும் வேண்டும். வாயில் சிறிதாயின் பொலித்தீன் சுவர்கள் உள்நோக்கி உறிஞ்சப்பட்டு ஈரப்பூச்சிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இதனைத் தவிர்க்கவே பலர் விசிறியை வாயிலில் வைத்துக் காற்றை உள்ளே தள்ளுகின்றனர். அப்பொழுது உள்ளமுக்கம் வெளியமுக்கத்தை விடச் சற்று உயர்ந்திருக்கும், இடுக்குகளினூடே தூசி நுழையாது, பூச்சு சிறக்கும். ஆனால் அதே இடுக்குகளினூடே புகாரும் ஆவியும் வெளியேறி, கராஜின் கதவைக் கடந்து, வீட்டின் சமையலறையையும் அயலவரின் சன்னலையும் அடையும். அமுக்கத்தைச் சற்றுத் தாழ்த்தி வைத்திருக்குமாறே பிரித்தானியாவின் சுகாதார, பாதுகாப்பு நிறைவேற்று நிறுவனம் கூறுகிறது. பொருளின் நலனும் மனிதனின் நலனும் முரண்படும் புள்ளியை இதைவிடத் துல்லியமாக எடுத்துக்காட்ட வேறோர் உதாரணம் எமக்குத் தென்படவில்லை. இரு நலன்களையும் ஒருங்கே காக்க இறுக்கமான சுவர்களும் சமன்செய்யப்பட்ட இரு விசிறிகளும் வேண்டும். அதாவது பணம் வேண்டும்.

வடிகட்டி பற்றிய மயக்கமும் பரவலானது. நார் வடிகட்டி வர்ணத் துணிக்கைகளைப் பிடிக்கும். ரின்னரின் ஆவியை அது பிடிப்பதில்லை. தொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்களின் ஆவி காற்றிலும் பாரமானது. தரையோடு தவழ்ந்து மூலைகளில் தேங்கும். நூற்றுக்கு ஒரு பங்கை அண்மித்த செறிவிலேயே அது தீப்பற்றவல்லது. சாதாரண மின்விசிறியின் ஆளியில் எழும் பொறி, அணையாது எரியும் நீர்க்கொதிகலனின் சிறு சுடர், உராயும் பொலித்தீனில் சேரும் நிலைமின் ஆகிய எதுவும் போதுமானது. ஆகவே மோட்டாரைக் காற்றோட்டத்துக்கு வெளியே நிறுத்தி வார்ப்பட்டியால் விசிறியைச் சுழற்றுவது பழைய, ஆனால் அறிவார்ந்த ஏற்பாடு.

தீயைவிட ஆழமான ஆபத்து வன்மையாக்கியில் இருக்கிறது. இன்று வழக்கிலுள்ள இருகலவைப் பூச்சுகள் பொலியூரேத்தேன் வகையைச் சேர்ந்தவை, 1937இல் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் ஒட்டோ பேயரின் குழு கண்டறிந்த வேதியியலின் வழிவந்தவை. அவற்றை இறுகச் செய்வது ஐசோசயனேற்று. அதனைச் சுவாசிப்பவனின் உடல் ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிக நுண்ணிய அளவும் ஆஸ்துமாவைத் தூண்டும். அவன் தொழிலையே விட்டு விலகவேண்டி நேரிடும். பிரித்தானியாவில் ஏனைய தொழிலாளரோடு ஒப்பிடுகையில் வாகன வர்ணம் விசிறுவோருக்கு ஆஸ்துமா ஏற்படும் அபாயம் ஏறத்தாழ 80 மடங்கு என மேற்கூறிய நிறுவனம் குறிப்பிடுகிறது. தீங்கு செய்யும் அளவில் அதற்கு மணமில்லை. அதன் நுண்புகார் சாதாரண ஒளியில் கண்ணுக்குப் புலனாவதுமில்லை. பூச்சு முடிந்ததும் முகமூடியின் கண்ணாடியை உயர்த்தித் தன் கைவண்ணத்தைப் பார்க்கும் அந்தக் கணத்திலேயே தொழிலாளி அதனை உள்ளிழுக்கிறான். நல்ல கூடத்தில் காற்றுத் தெளிய ஐந்து நிமிடம் போதும். வெறும் அறையாயின் இருபது நிமிடமும் ஆகலாம். துணியாலான முகமறைப்புப் பயனற்றது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி ஊட்டும் முகமூடியே வேண்டப்படுகிறது. அக்காற்றும் எண்ணெயும் காபன் மொனொட்சைட்டும் நீங்கியதாக இருத்தல் வேண்டும்.

ஐசோசயனேற்று என்றதும் 1984 டிசம்பரில் போப்பாலில் நிகழ்ந்தது நினைவுக்கு வரும். அங்கு கசிந்தது எளிதில் ஆவியாகும் மெதயில் ஐசோசயனேற்று. பூச்சிலுள்ளவை பாரமான மூலக்கூறுகள். இரண்டையும் ஒன்றெனக் காட்டுவது விஞ்ஞானமாகாது. ஒரே வேதியியற் குடும்பம் என்பதற்கு மேல் நாம் எதுவும் கூறவில்லை.

கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில் நவீன வீட்டுக் கைத்தொழிலை ஆராய்கையில், மூலதனம் அங்கு கூலியை மட்டுமன்றி இடத்தையும் ஒளியையும் காற்றோட்டத்தையும் சேமித்துக்கொள்கிறது என்பதை லேஸ் பின்னும் பெண்களின் நிலைகொண்டு விளக்கினார். வீட்டு வர்ணக்கூடத்தை அதனோடு அப்படியே பொருத்துவது இயந்திரப் பாங்கானதாகும். பொழுதுபோக்காகத் தன் பழைய வாகனத்தைப் பூசுபவனை எவரும் கூலிக்கு அமர்த்தவில்லை. ஆயினும் வீட்டு வளவிலேயே பிறர் வாகனங்களைப் பூசிப் பிழைக்கும் சிறுதொழிலாளியின் நிலை வேறு. காப்புறுதி நிறுவனத்தினதும் பெரிய கராஜினதும் செலவுக் கணக்கில் இடம்பெறாத காற்றோட்டம், அவனது பிள்ளைகளின் சுவாசத்தில் கணக்கு வைக்கப்படுகிறது. 2023 ஓகஸ்ட் 24 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐசோசயனேற்றுப் பொருட்களைக் கையாளும் தொழில்முறையாளர் பயிற்சி பெற்றிருத்தல் கட்டாயமாயிற்று. இது வரவேற்கத்தக்கதே, ஆனால் தொழில்முறையாளன் என்ற வரையறைக்கு வெளியே நிற்பவனை அவ்விதி காண்பதில்லை.

எமது நாட்டுக்கு இது அந்நியமான பிரச்சினையன்று. வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025இன் தொடக்கத்திலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இத்தகைய காலங்களில் பழைய வாகனம் மீண்டும் மீண்டும் தட்டி நிமிர்த்தப்பட்டுப் பூசப்படுகிறது. தகரக் கூரையின் கீழ், மூன்று பக்கம் சாக்குப்படுதா தொங்கவிட்டு, வாயில் கைலேஞ்சி கட்டி நிற்கும் இளைஞனை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம்.

வீட்டில் செய்யத்தகுவன எவை, தகாதன எவை என வினவுவோர்க்கு எமது கருத்து இதுவே. துருவகற்றல், நிரப்புதல், ஈரமாகத் தேய்த்தல், மறைத்து ஒட்டுதல் ஆகியவற்றிலேயே உழைப்பின் பெரும்பகுதி செலவாகிறது. பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடுமாதலின் உலர்தேய்ப்பைத் தவிர்க்கும் வரை, இவற்றை வீட்டிலேயே செய்யலாம். வன்மையாக்கி கலந்த இறுதிப் பூச்சை வாடகைக்கேனும் முறையான கூடமொன்றிலேயே விசிறவேண்டும். பல சிறு கராஜ்கள் கூட்டுறவாகச் சேர்ந்து ஒரு நல்ல கூடத்தை நடத்துவது எட்டாத காரியமன்று. ஒவ்வொருவரும் தனித்தனியே கட்டும் பத்துக் குறைக்கூடங்களின் செலவில் அது நிறைவேறும். அக்கூடத்தில் முதலாவதாகச் செய்யவேண்டியது புகைச் சோதனை. புகையெழுப்பியால் அறையை நிரப்பி, விசிறியை இயக்கி, கடைசிப் புகையும் மறைய எத்தனை நிமிடம் ஆகிறது எனக் கடிகாரத்தில் பார்த்து, அந்த எண்ணைக் கதவில் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். வடிகட்டி மாற்றப்படும் ஒவ்வொரு தடவையும் அவ்வெண்ணை மீண்டும் அளக்கவேண்டும்.