ஏ.சி. மாட்டுறீங்களா? ஓட்டையை அடைக்கும் முன் வயரைப் பாருங்க!

கோடை வந்தால் போதும். சென்னையில் தெருவுக்குத் தெரு சுவரில் துளை போடும் சத்தம்தான்!

மெக்கானிக் வருகிறார். மளமளவென்று ஏ.சி.யை மாட்டுகிறார். சுவர் ஓட்டையைப் பூசிவிட்டுப் போகிறார். ஆபத்து அந்த ஓட்டைக்குள்தான் ஒளிந்திருக்கிறது!

வீட்டுக்குள் இருக்கும் யூனிட்டையும் வெளி யூனிட்டையும் இணைக்கும் வயர் நீளம் போதாவிட்டால், சிலர் துண்டு வயரை முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். கேட்டால், "ஒண்ணும் ஆகாது சார்" என்று பதில்!

முறுக்கிய இடம் நாளடைவில் தளரும், சூடேறும். பொறி பறந்தால் தீதான். பூசிய சுவருக்குள் நடப்பது யார் கண்ணுக்குத் தெரியும்?

எனவே, ஒட்டுப் போடாத ஒரே வயராகக் கேளுங்கள். 1½ டன் ஏ.சி.க்கு மெயினிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு வயர், தனி எம்.சி.பி., சரியான எர்த் அவசியம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால், மின்சாரம் கசிந்ததுமே கரண்ட் கட் ஆகிவிடும்.

துளை வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே வரும்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகே பூச்சு! பல்லி, எலி நுழைய இடுக்கு விடாதீர்கள்.

அரை மணி நேரம் கூடுதலாக ஆனால் ஆகட்டும். அந்த அறையில் தூங்கப்போவது உங்கள் பிள்ளைகள்!