பேர் வைப்பது யார்?

ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளர்களாக இருந்தவர்களில் இருவர் வெள்ளிக்கிழமை பிறந்தவர்கள். அதைத் தெரிந்துகொள்ள ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை, பெயரே சொல்லிவிடும். ஒருவர் கானா நாட்டின் கோஃபி அன்னான். 1938 ஏப்ரல் 8 வெள்ளிக்கிழமை குமாசி நகரில் பிறந்தார். அங்குள்ள அக்கான் மக்களிடம் வெள்ளிக்கிழமை பிறக்கும் ஆண் பிள்ளை கோஃபிதான், பெற்றோர் யோசிக்க அதில் ஒன்றுமில்லை. இன்னொருவர் பர்மாவின் ஊ தாண்ட். 1909 ஜனவரி 22, அதுவும் வெள்ளி. இன்ன கிழமைக்கு இன்ன எழுத்து என்று பர்மியர்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கு உரிய எழுத்துகளில் ஒன்று 'த'. முன்னால் நிற்கும் 'ஊ' பெயரில் சேர்த்தி இல்லை, நாம் போடும் 'திரு' மாதிரி ஒரு மரியாதைச் சொல். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தாண்ட் என்ற ஒற்றைச் சொல்தான். அப்பா பெயரும் கிடையாது, குடும்பப் பெயரும் கிடையாது.

இன்று நம் வீடுகளில் பேர் தேடும் படலம் வேறு மாதிரி நடக்கிறது. அர்த்தம் நல்லதாக இருக்க வேண்டும், கூப்பிடச் சின்னதாக இருக்க வேண்டும், எண் கணிதப்படி கூட்டுத்தொகை சரியாக வர வேண்டும், வகுப்பில் இன்னொரு பிள்ளைக்கு அந்தப் பேர் இருந்துவிடக் கூடாது. இத்தனை நிபந்தனையோடு இருக்கும் பெற்றோருக்கு நம்பச் சிரமமாக இருக்கலாம், ஆனால் உலகத்தின் பெரும்பகுதியில் நெடுங்காலம் பெயரை யாரும் 'தேர்ந்தெடுத்ததே' இல்லை. கிழமை வைத்தது, பிறந்த வரிசை வைத்தது, தாத்தா வைத்தார், பயம் வைத்தது, சில நாடுகளில் அரசாங்கமே வைத்தது.

அக்கான் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஞாயிறு பிறந்த ஆண் குவாசி, பெண் அகோசுவா. திங்களுக்குக் குவாஜோ, அஜோவா. வியாழனுக்கு யாவ், யா. சனிக்கு குவாமே, அமா. கோஃபி அன்னானோடு பிறந்த இரட்டைச் சகோதரிக்கு எஃபுவா அத்தா என்று பேர்: எஃபுவா என்றால் வெள்ளிக்கிழமைப் பெண், அத்தா என்றால் இரட்டைப் பிள்ளை. வீட்டில் இரண்டு வெள்ளிக்கிழமை இருந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்கத் தோன்றும். கிழமைப் பேரோடு இன்னொரு பேரும் சேரும், குழப்பம் தீர்ந்தது.

இந்தக் கிழமைப் பெயர் சில சமயம் அரசு ஆவணத்தை விட நம்பகமானது. கானாவின் முதல் அதிபர் குவாமே நிக்ருமாவின் பிறந்த நாள் 1909 செப்டம்பர் 21 என்று எல்லாக் குறிப்புகளிலும் இருக்கும். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் ஏதோ ஒரு ஊகத்தில் எழுதிவைத்த தேதி அது. நாட்காட்டியைப் புரட்டினால் அன்று செவ்வாய்க்கிழமை. ஆனால் அவரோ குவாமே, அதாவது சனிக்கிழமைக்காரர். தேதியை யாரும் எழுதி வைக்காத கிராமத்தில் கிழமை மட்டும் பெயரில் பத்திரமாக இருந்தது. பிறந்தது செப்டம்பர் 18 சனிக்கிழமையாக இருக்க வேண்டும் என்று அவரே தம் சுயசரிதையில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

இதே பெயர்கள் அடிமைக் கப்பல்களில் ஏறி அட்லாண்டிக் கடலையும் தாண்டின. ஜமைக்காவில் தோட்டங்களிலிருந்து தப்பி மலைக்குள் போன மரூன் மக்களின் தலைவர், ஆங்கிலேயரை 1739இல் உடன்படிக்கைக்கு வர வைத்தவர், பெயர் கஜோ. திங்கள் பிறந்தவருக்கான குவாஜோதான் அப்படித் திரிந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1759இல் பிறந்து சொந்தக் கப்பல்கள் ஓட்டிய கறுப்பின வணிகர் பால் கஃபியின் அப்பா, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர், பெயர் கோஃபி. எஜமானர் குடும்பத்தின் பெயரை உதறிவிட்டு, பிள்ளைகள் அப்பாவின் வெள்ளிக்கிழமையையே குடும்பப் பெயராக்கிக் கொண்டார்கள்.

பாலித் தீவில் கிழமைக்குப் பதில் வரிசை. மூத்த பிள்ளை வயான், இரண்டாவது மாதே, மூன்றாவது நியோமான், நான்காவது கெத்துத். ஆணா பெண்ணா என்பது முன்னால் வரும் 'இ', 'நி' என்ற ஓரெழுத்தில் தெரியும். ஐந்தாவது பிறந்தால் மறுபடி வயான். தெருவில் நின்று 'வயான்' என்று குரல் கொடுத்தால் எத்தனை தலை திரும்பும் என்று சொல்ல முடியாது. பழைய ரோமானியர்கள் இதைவிடச் சிக்கனம். பெண்களுக்குத் தனிப் பேர் வைக்கும் சிரமமே எடுத்துக்கொள்ளவில்லை, குலத்தின் பெயரைப் பெண்பாலாக்கினால் முடிந்தது. ஜூலியஸ் சீசருக்கு இரண்டு சகோதரிகள், இரண்டு பேரும் ஜூலியா. சீசரின் மகளும் ஜூலியா.

கிழமையும் எழுத்தும் சேர்ந்த பர்மியக் கணக்குக்கு நம்மிடமும் ஒரு உறவு உண்டு. இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் பாதத்துக்கு ஒரு எழுத்து என்று பஞ்சாங்கத்தில் பட்டியல் இருக்கிறது. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. சௌகரியமான எழுத்துகள். திருவாதிரைக்குப் போனால் கு, க, ங, ச. மூன்றாம் பாதத்தில் பிறந்த பிள்ளையின் அப்பா 'ங'வுக்கு எங்கே போவார்? ஜோசியரே ஒரு சமாதானம் சொல்லி வேறு எழுத்துக்கு அனுப்பிவைப்பார்.

தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது தமிழ்நாட்டில் தொடங்கி கிரேக்கம் வரை உண்டு. யூதர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி: ஸ்பெயின் வழிவந்த செபார்டிய யூதர்கள் உயிரோடு இருக்கும் தாத்தாவின் பேரைப் பிள்ளைக்கு வைப்பதை அவருக்குச் செய்யும் மரியாதை என்பார்கள். கிழக்கு ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்களோ இருக்கிறவர் பேரை வைக்கவே மாட்டார்கள், இறந்தவர் பேர்தான். நம் ஊரில் சிக்கல் வேறு இடத்தில். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. மகனுக்கோ அதே பேர். அதனால் பள்ளிப் பதிவேட்டில் கோவிந்தசாமியாக இருப்பவன் வீட்டுக்குள் 'ஐயா'வாகவும் 'பெரியவ'னாகவும் வளர்ந்தான். அடிக்க ஓங்கிய கையோடு கூட அம்மா "ஐயா" என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது.

பயம் வைத்த பெயர்களுக்கு அழகு எதிர்பார்க்க முடியாது. வரிசையாகப் பிள்ளைகள் தவறிப்போன வீட்டில் அடுத்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து குப்பன், குப்பம்மாள் என்று வைத்தார்கள். யாரோ போட்ட பிச்சையாக வாங்கிய மாதிரி பாவித்து பிச்சை, பிச்சைமுத்து என்றும் வைத்தார்கள். எமன் கண்ணுக்கு மதிப்பில்லாததாகத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. இதே கணக்கை ஆயிரக்கணக்கான மைல் தள்ளி மங்கோலியாவின் புல்வெளியிலும் போட்டிருக்கிறார்கள். அங்கே நெர்குய் என்று ஒருவர் இருந்தால் அவர் பெயருக்கு 'பேரில்லாதவர்' என்று பொருள். எனெபிஷ் என்றால் 'இவன் இல்லை'. குன்பிஷ் என்றால் 'மனுஷனே இல்லை'. பேய் வந்து தேடினால் விலாசம் தவறாகிப் போய்விட வேண்டும்.

அந்தப் பெயர்களில் பிள்ளை மேல் ஆசை இருந்தது. ஆசையே இல்லாத பெயர்களும் உண்டு. நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததும் போதும்பொண்ணு, வேண்டாம் என்று வைத்தது தமிழ்நாட்டுக் கிராமங்களில் பலரும் பார்த்ததுதான். சீனாவில் ஜாவ்தி என்று பெண்களுக்குப் பேர் உண்டு. 'தம்பியை அழைத்து வா' என்று அதற்கு அர்த்தம்: தனக்கென்று ஒரு பேர்கூட இல்லாமல், இன்னும் பிறக்காத ஒருவனுக்காகத் தூது போகிற பேர். மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் நகுசா, நகுஷி என்று வைத்தார்கள், மராத்தியில் 'வேண்டாதவள்'. 2011 அக்டோபரில் அந்த மாவட்டத்தில் ஒரு விழா எடுத்து 285 சிறுமிகளுக்குப் புதுப் பேர் சூட்டினார்கள். இந்த முறை பேரைச் சொன்னவர்களில் அந்தச் சிறுமிகளும் இருந்தார்கள். தங்களுக்குப் பிடித்த சினிமா நடிகைகளின் பேரைச் சிலர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பெயர்கள் ஊர் சுற்றுவதைப் பார்க்க வேண்டுமானால் யோவானைப் பின்தொடர்வது போல சுவாரசியம் வேறெதிலும் கிடையாது. 'கடவுள் அருளினார்' என்ற பொருளில் யோஹனான் என்று எபிரேய மொழியில் பிறந்த பேர். கிரேக்கத்தில் யோவானஸ், பிரெஞ்சில் ழான், ஸ்பானியத்தில் ஹுவான், இத்தாலியத்தில் ஜொவானி, ருஷ்யாவில் இவான், ஸ்காட்லாந்தில் இயன், அயர்லாந்தில் ஷான், இங்கிலாந்தில் ஜான். ஜேனும் ஜேனட்டும் இதன் பெண் வாரிசுகள். குர்ஆனில் இதே யோவான் யஹ்யா நபியாக வருகிறார். தமிழ்நாட்டுக்கு வந்தபோது மட்டும் ஒலியை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்துக்கொண்டார்கள்: அருளப்பர். போர்த்துக்கல்லிலிருந்து ஜோவான் தெ பிரிட்டோ என்ற பேரோடு வந்த சேசு சபைத் துறவி இங்கே அருளானந்தர் ஆனார். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்டார்.

தமிழ்க் கத்தோலிக்கப் பெயர்கள் பலவும் இப்படித் தோண்டத் தோண்ட வருபவை. லத்தீனில் பவுலஸ் என்றால் சிறியவர், ஆகவே புனித பவுல் இங்கே சின்னப்பர். அதனால்தான் சின்னப்பன் என்ற பேரைக் கேட்டதும் பழைய ஆட்கள் 'ஆர்.சி.யா?' என்று கேட்டார்கள். சீர்திருத்த சபைக்காரர் வீட்டில் அதே ஆள் பவுலாக இருந்திருப்பார். சந்தியாகு என்பது ஸ்பெயின், போர்த்துக்கல் நாட்டவர் புனித யாகப்பரைச் சொல்லும் சாந்தியாகோ. வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவிடமிருந்து ஆரோக்கியசாமியும் ஆரோக்கியமேரியும் வந்தார்கள். இவற்றில் நெடும்பயணம் போனது சவரிமுத்து. 1542இல் இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே வேலை செய்த பிரான்சிஸ் சேவியரின் பெயர் அது. சேவியர் என்பதோ அவர் பிறந்த கோட்டையின் பேர், ஸ்பெயினின் நவார் பகுதியில் இருக்கிறது. அங்கே பேசும் பாஸ்க் மொழியில் 'புது வீடு' என்று பொருள். பைரனீஸ் மலையடிவாரத்துப் புது வீடு ஒன்று, மணப்பாட்டுக் கடற்கரையில் முத்தோடு சேர்ந்து மனிதப் பேராகிவிட்டது. இந்த விவரம் தெரியாமலே நானூற்றைம்பது வருடமாகச் சவரிமுத்துகள் நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள்.

பேர் விஷயத்தில் அரசாங்கம் தலையிட்ட கதைகளும் உண்டு. பிரான்சில் நெப்போலியன் காலத்து அரசு 1803இல் ஒரு சட்டம் போட்டது. புனிதர்களின் நாட்காட்டியிலோ பண்டைய வரலாற்றிலோ இருக்கும் பேர்களை மட்டுமே பதிவாளர் எழுதிக்கொள்ளலாம். புரட்சிக் காலத்தில் ஆளாளுக்கு மனம்போனபடி பேர் வைத்ததன் எதிர்வினை அது. நடுவே தளர்ந்தாலும், அந்தச் சட்டம் ஒரேயடியாகப் போனது 1993இல்தான். அப்புறமும் பிள்ளைக்குப் பாதகம் என்று தோன்றினால் பதிவாளர் நீதிமன்றத்துக்கு எழுதலாம். மகளுக்கு நுட்டெல்லா என்று சாக்லேட் பசையின் பேரை வைத்த பெற்றோர் அப்படி மாட்டினார்கள். வழக்குக்கு அவர்கள் வராததால் நீதிபதியே முன்பாதியை வெட்டி 'எல்லா' என்று வைத்துவிட்டார். அழகான பேர்தான்.

சோவியத் ருஷ்யாவில் யாரும் கட்டாயப்படுத்தாமலே கட்சி பேர் வைத்தது. விளாதிமிர் லெனினைச் சுருக்கி விளாத்லென், மார்க்ஸையும் லெனினையும் ஒட்டி மார்லென், லெனினைத் திருப்பிப்போட்டு நினெல். 2000ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பெற்ற ழோரஸ் அல்ஃபெரோவுக்கு பிரெஞ்சு சோஷலிஸ்ட் தலைவர் ழான் ழோரஸின் பேர். அல்ஃபெரோவின் அண்ணன் பேர் மார்க்ஸ். இந்த அலை தமிழ்நாட்டுக் கரையைத் தொட்ட கதை எல்லோருக்கும் தெரியும். 1953 மார்ச் 1இல் கருணாநிதிக்கு ஒரு மகன் பிறந்தான், மார்ச் 5இல் சோவியத் தலைவர் இறந்தார், இரங்கல் கூட்டத்தில் பிள்ளைக்கு ஸ்டாலின் என்று பேர் அறிவிக்கப்பட்டது. அந்த ஸ்டாலினே ஜுகாஷ்விலி என்பவர் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர்தான். ருஷ்ய மொழியில் எஃகுக்கு ஸ்தால் என்பார்கள்.

ஐஸ்லாந்தில் பேர்களைச் சரிபார்க்கவென்றே ஒரு குழு 1991 முதல் இருக்கிறது. புதுப் பேர் வைப்பவர்கள் அதன் அனுமதி பெற வேண்டும். வேற்றுமை உருபு ஏற்குமா, ஐஸ்லாந்து எழுத்துகளில் அடங்குமா என்றெல்லாம் பார்ப்பார்கள். பிளைர், அதாவது இளங்காற்று, என்று மகளுக்கு வைத்த ஒரு தாயிடம் அது ஆண்பால் சொல், பெண்ணுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். நோபல் பரிசு பெற்ற ஹல்டோர் லக்ஸ்னெஸ்ஸின் நாவலில் அந்தப் பேரில் ஒரு பெண் வருகிறாள் என்று தாய் எடுத்துக் காட்டியும் பலிக்கவில்லை. பதினைந்து வயது வரை அரசு ஏட்டில் அந்தப் பெண்ணின் பேர் 'சிறுமி' என்றே இருந்தது. 2013இல் ரெய்க்யவிக் நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆண் பேர், பெண் பேர் என்ற கட்டுப்பாட்டையே 2019இல் சட்டம் எடுத்துவிட்டது.

அதே ஐஸ்லாந்தில் குடும்பப் பெயர் வழக்கம் மிகக் குறைவு. அப்பாவின் அல்லது அம்மாவின் பேரோடு 'மகன்', 'மகள்' சேரும், அவ்வளவுதான். 1980இல் தேர்தலில் வென்று அதிபரான விக்டிஸ் பின்பொகாடோட்டிரை நாடே விக்டிஸ் என்றுதான் கூப்பிட்டது. தொலைபேசிப் புத்தகத்திலும் முதல் பெயர்தான் முதலில் இருந்தது. தமிழருக்கு இது விளக்காமலே புரியும். அப்பா பேரை ஓரெழுத்தாக முன்னால் போட்டுக்கொண்டு வாழ்கிறவர்களில் பாஸ்போர்ட் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தின் முன் திகைத்து நிற்காத குடும்பம் உண்டா? சதுரங்க உலகம் விஸ்வநாதன் ஆனந்தைச் செல்லமாக 'விஷி' என்று கூப்பிட்டது. அது அவருடைய அப்பா பேர் என்று தெரிந்தவர்கள் நம்மவர்கள் மட்டும்தான்.

மங்கோலியாவில் இருந்த குலப் பெயர்களையே 1920களில் கம்யூனிஸ்ட் அரசு தடை செய்தது. எழுபது வருடத்தில் பெரும்பாலோர் தங்கள் குலம் எதுவென்றே மறந்துபோனார்கள். அரசு மாறிய பிறகு, 1990களின் பிற்பகுதியில் எல்லோரும் ஒரு குலப் பெயரைப் பதிய வேண்டும் என்றதும், தெரியாதவர்கள் பிடித்ததை எடுத்துக்கொண்டார்கள். ஏராளமான பேர் செங்கிஸ்கானின் குலமான போர்ஜிகினையே எடுத்துக்கொண்டதால் அந்தப் பேருக்கு மதிப்பே குறைந்தது. 1981இல் சோவியத் விண்கலத்தில் போய்வந்த அந்நாட்டின் முதல் விண்வெளி வீரர் குர்ரக்சாவுக்கும் தன் குலப் பேர் தெரியவில்லை. அவர் 'சன்சார்' என்று பதிந்துகொண்டார். மங்கோலிய மொழியில் அதற்கு அண்டவெளி என்று பொருள்.