ஓடாத காரை விற்க ஏன் மனம் வருவதில்லை?

கேன்வாஸ் போர்த்திய ஒரு பழைய புரோட்டோன் சாகா. டயரில் காற்று இல்லை. சாலை வரி முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. "பழைய இரும்புக்காவது போட்டுடுங்கப்பா" என்கிறார் மகன். அப்பா பேச்சை மாற்றுகிறார். மேலும் வற்புறுத்தினால் இரண்டு நாளைக்கு வீட்டில் முகம் கொடுத்துப் பேச்சு இல்லை. நம்மவர் வீடுகள் பலவற்றில் நடப்பதுதான் இது.

இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. நாம் நெடுநாள் வைத்துப் புழங்கும் பொருள்கள் 'நான்' என்பதன் நீட்சியாகவே மாறிவிடுகின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் ரசல் பெல்க் 1988-இல் எழுதினார். காரில் சிறு கீறல் விழுந்தாலும் சிலர் தம் உடம்பில் பட்டதுபோல் துடிப்பது இதனால்தான்.

நம் சமூகத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாட்டின் முதல் தேசியக் காரான சாகா 1985 ஜூலையில் அறிமுகமானது. அதற்கு முன் தோட்டத்தில் கார் என்றாலே துரையின் கார்தான். தொழிலாளிக்குச் சைக்கிள், வேலைக்காட்டுக்குப் போக லாரி. அப்படிப்பட்ட இடத்தில், கூட்டுப் பணம் எடுத்து முன்பணம் கட்டி, லயத்து வாசலில் சொந்தக் காரை நிறுத்தியவருக்கு அது வெறும் வாகனமாக இருந்திருக்காது. நள்ளிரவில் பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும், தைப்பூசத்துக்கு எட்டுப் பேர் நெருக்கியடித்துப் பத்துமலைக்குப் போனதும் அதில்தான். பின்னர் தோட்டங்கள் கைமாறின. லயங்கள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு இடம்பெயர்ந்தன. பழைய வாழ்க்கையிலிருந்து முழுசாகக் கூடவே வந்தது பலருக்கு அந்தக் கார் ஒன்றுதான். அதை விற்கச் சொல்லும்போது, மிச்சமிருக்கும் தோட்டத்தையும் விற்கச் சொல்வதுபோல் பெரியவர்களுக்குப் படுகிறது.

புலன்களும் இதில் சேர்ந்துகொள்கின்றன. புதுக் கார் வாசனை என்று நாம் ரசிப்பது பிளாஸ்டிக், பசை ஆகியவற்றிலிருந்து வெளியேறும் வேதிப்பொருள்களைத்தான். பழைய காரின் வாசனை வேறு. அதில் விபூதி, மல்லிகைப்பூ, பெட்ரோல், மழையில் நனைந்த சீட் எல்லாம் கலந்திருக்கும். மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு மற்றப் புலன்களைவிட மூக்குக்கு நேரடித் தொடர்பு அதிகம். அதனால்தான் கதவைத் திறந்ததும், மறைந்துபோன பாட்டி பின்சீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றுகிறது.

காரின் முன்புறத்தில் மனிதர்கள் முகத்தைக் காண்கிறார்கள் என்பது 2008-இல் வெளிவந்த வியன்னா ஆய்வு ஒன்றின் முடிவு. காரை ஓர் ஆளாக எண்ணிப் பார்த்தவர்கள் அதை மாற்றத் தயங்கினர் என்றது 2010-இல் வந்த மற்றோர் ஆய்வு. நாமோ முதல் நாளே சந்தனம் குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலையும் போட்டுவிடுகிறோம்!

விலை பேசும்போதும் இதே கதைதான். 1990-இல் கானமனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், குவளையைக் கையில் பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் தர முன்வந்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. சற்று முன் கிடைத்த குவளைக்கே அப்படியென்றால், முப்பது ஆண்டு ஓட்டிய காருக்கு?

முல்லைக்கொடி படரத் தேரையே தந்தான் பாரி. நாம் கொடி படர்ந்த காரையும் தர மறுக்கிறோம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓடாத காரின் மூடியில் தேங்கும் மழைநீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். ஓடும் பழைய காரோ காற்றுப்பை இல்லாதது. பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்ல ஏற்றதல்ல. 15 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்குக் கட்டாயச் சோதனை என்று அரசாங்கம் 2009-இல் அறிவித்தபோது மக்கள் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. கட்டாயப்படுத்தினால் மனம் இன்னும் இறுகும், வீட்டிலும் அப்படித்தான்.

நினைவுள்ள பொருளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டவர்கள் அதை மற்றவருக்குக் கொடுக்க எளிதில் முன்வந்தார்கள் என்று 2017-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. எனவே "எப்போ விற்கப் போறீங்க?" என்று கேட்பதற்கு முன், அப்பாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துப் படம் எடுங்கள். அந்தக் காரின் கதையைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பழைய பதிவு எண்ணைப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளவும் சாலைப் போக்குவரத்துத் துறையில் வழி இருக்கிறது. வண்டியை ரத்து செய்வதற்கு முன்பே அதற்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.