சக்கர நாற்காலி – 6: நிமிரச் சொன்னால் போதுமா?

சக்கர நாற்காலியில் ஒருவர் கூன் போட்டுச் சரிந்திருந்தால், வீட்டில் யாராவது ஒருவர் 'நிமிர்ந்து உட்காருங்க' என்பார். அவரும் நிமிர்வார், ஐந்தே நிமிடத்தில் பழையபடி சரிந்துவிடுவார். சோம்பேறி என்ற பழியும் வந்து சேரும். முதுகு வளைவது முதுகின் குற்றமல்ல என்பதுதான் இந்த வாரப் பேச்சு. உட்காரும்போது நம் பாரத்தைத் தாங்க வேண்டியவை புட்டத்தின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள். பெஞ்சில் உட்கார்ந்து உள்ளங்கையை அடியில் கொடுத்தால் கைக்குத் தட்டுப்படும். இடுப்பெலும்பு இந்த முனைகளின் மேல் நேராக நின்றால் முதுகுத்தண்டு தானாக நிமிரும். இடுப்பெலும்பு பின்பக்கம் உருண்டுவிட்டால் பாரம் வாலெலும்புப் பக்கம் போகும், முதுகு வில்லாக வளையும், உடல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்கும். வழுக்கும்போது தோல் இருக்கையோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகர்கிறது. இந்த இழுபறியில் நசுங்கும் நுண்குழாய்களில் ரத்த ஓட்டம் நின்றுதான் பலருக்குப் புண் தொடங்குகிறது.

இடுப்பு ஏன் உருள்கிறது? பாதிப் பழி நாற்காலியின் மேல்தான். இன்று எங்கும் காணும் மடக்கு நாற்காலியின் மூல வடிவம், 1933-இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்டும் ஹாரி ஜென்னிங்ஸும் செய்தது. எவரெஸ்ட் சுரங்க விபத்தில் முதுகு முறிந்தவர். காரில் ஏற்றிச் செல்லத் தோதான நாற்காலி அவருக்கு வேண்டியிருந்தது. பெரிய விடுதலைதான், மறுக்க முடியாது. ஆனால் மடங்க வேண்டுமென்றால் இருக்கை பலகையாக இருக்க முடியாது. துணியாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் துணி நாளாக ஆகத் தூளிபோலத் தொய்கிறது. தொடைகள் உள்நோக்கி ஒடுங்குகின்றன, இடுப்பின் ஒரு பக்கம் தாழ்கிறது. 18 அங்குல இருக்கையில் ஒல்லியான பாட்டியை உட்கார வைத்தால் ஒரு பக்கக் கைச்சட்டத்தில் சாய்ந்துதான் கிடப்பார். இருக்கை நீளம் கூடி விளிம்பு முழங்காலின் பின்புறம் இடித்தாலும், கால் பலகை எட்டாமல் பாதம் தொங்கினாலும் இடுப்பு முன்னால்தான் நகரும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு: சரிந்து உட்காருவது அவர்களாகவே தேர்ந்துகொண்ட வசதிதானே? உண்மைதான். மார்பு மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டவருக்கு வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் உதவாது. நேராக உட்கார்ந்து ஒரு கையை நீட்டினால் முன்னால் கவிழ்ந்துவிடுவார். அதனால் இடுப்பை முன்தள்ளி, மேல்முதுகைச் சாய்மானத்தில் கொடுத்துக்கொள்கிறார். அது அவருடைய உடம்பு கண்டுபிடித்த சமநிலை. ஆனால் அதற்கு விலையாக மூச்சு குறுகுகிறது, தோள் வலிக்கிறது, கை எட்டும் தூரம் குறைகிறது. ஆகவே அவரை அதட்டி நிமிர்த்துவதால் பயனில்லை. இருக்கையின் பின்பகுதியைச் சற்றே தாழ்த்தி, இடுப்புக்குப் பின்னால் உறுதியான தாங்கலும் கொடுத்தால், சரியாமலே அந்தச் சமநிலை கிடைக்கும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் வாகன விபத்தில் கால்கள் செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கைச்சட்டத்தைப் பற்றிக்கொண்டு விழாமல் காத்துக்கொள்கிறவரால் கத்தி பிடிக்க முடியாது. சோற்றைப் பிசைந்து சாப்பிடவும் முடியாது.

மெத்தென்று ஒரு பஞ்சு மெத்தை போட்டால் தீராதா என்பார்கள். தொய்ந்த துணிமேல் போட்ட மெத்தையும் தொய்ந்த வடிவத்தையே எடுக்கும். மருந்துக் கடைக் காற்று வளையமோ சுற்றிலும் அழுத்தி நடுச்சதைக்குப் போகும் ரத்தத்தையே குறைக்கிறது. இன்னொரு வழக்கம், மார்பைச் சுற்றித் துண்டால் கட்டிவைப்பது. வழுக்கியது இடுப்பு, கட்டியது மார்பை. இடுப்பு மேலும் வழுக்க வழுக்க அந்தத் துண்டு அக்குளுக்கும், பிறகு கழுத்துக்கும் ஏறும். பட்டி தேவையென்றால் அது தொடை மடியும் இடத்தில் இடுப்பைப் பிடிக்க வேண்டும். இதெல்லாம் பணம் உள்ளவர்களுக்கு என்றும் சொல்லிவிட முடியாது. வசதி குறைந்த நாடுகளுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டி, ஆளை அளந்து நாற்காலியைப் பொருத்துவதை அடிப்படைச் சேவையாகவே வைக்கிறது. தச்சரிடம் அளவு கொடுத்து வெட்டிய ஒரு பிளைவுட் பலகையைத் துணிக்கும் மெத்தைக்கும் நடுவே வைத்தாலே தூளி தட்டையாகிவிடும். மெத்தை இல்லாமல் வெறும் பலகை மட்டும் கூடவே கூடாது. அகலம் மிஞ்சினால் இரு பக்கமும் மடித்த துண்டு. கால் பலகைக்கு ஒரு ஸ்பேனர்.

நேராகப் பொருத்திவிட்டால் ஆள் சிலையாகிவிட மாட்டாரா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. எவ்வளவு நல்ல இருக்கையானாலும் அசையாமல் நாள் முழுக்க இருக்க முடியாதுதான். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களிடம் பிரிட்டனில் எடுத்து 2003-இல் வெளியான அளவீட்டில், அழுத்தம் நீங்கியபின் சதையில் ஆக்சிஜன் பழைய நிலைக்கு வர ஏறக்குறைய 2 நிமிடம் பிடித்தது. கையூன்றி உடம்பைத் தூக்கி அவ்வளவு நேரம் நிறுத்துவது பெரும்பாலோரால் ஆகாது. முன்னாலுள்ள மேசைமேல் கவிழ்ந்து படுத்தால் ஆகும். ஆனால் கவிழ்ந்தவர் திரும்பி எழுந்து அதே இடத்தில் உட்கார வேண்டும். இடுப்பு நிலைகொண்டவரால்தான் அது முடியும். டிவி சீரியலில் விளம்பரம் ஓடும் நேரம் இதற்குத் தாராளம்.