ஊரே அரங்காகும் விழா: இராமநகர் இராமலீலை

காசிக்குச் செல்லும் தமிழ் யாத்திரிகர்களுட் பலர் கேதார கட்டம், அனுமான் கட்டம் ஆகியவற்றை அடுத்த தெருக்களில் தங்கிக் கங்கையாடி, விசுவநாதரை வழிபட்டுத் திரும்புவர். எதிர்க்கரையில், சற்றுத் தெற்கே, காசி மன்னரின் கோட்டையைச் சூழ்ந்து அமைந்த இராமநகரில் ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஒரு விழா நிகழ்கின்றது. அனந்த சதுர்த்தசியன்று தொடங்கி ஏறத்தாழ ஒரு திங்கள் நடைபெறும் இவ்விராமலீலை, காசியின் பிற விழாக்களினின்றும் பெரிதும் வேறுபட்டதாகும்.

இங்கு மேடை என ஒன்று இல்லை. அயோத்தி, சனகபுரி, சித்திரகூடம், பஞ்சவடி, இலங்கை என ஊரின் பல பகுதிகள் கதையின் இடங்களாகவே நிலைபெற்றுள்ளன. இராமன் காடேகும் நாளில் காண்போரும் அவனைப் பின்தொடர்ந்து நடப்பர். கதை நகர ஊரும் நகர்கின்றது எனலாம். நாற்காலியில் அமர்ந்து காண விரும்புவோர்க்கு இவ்விழா ஏற்றதன்று.

மொழி நோக்கில் இவ்விழா தனிக் கவனத்திற்குரியது. துளசிதாசர் 1574இல் இயற்றத் தொடங்கிய இராமசரிதமானசம் அவதி மொழியில் அமைந்தது. இராமாயணிகள் எனப்படும் பன்னிருவர் தரையில் அமர்ந்து அதனை ஓதுவர். ஓதல் நின்றதும் அமைதி காக்குமாறு உரத்த குரல் எழும். பின்னர்ப் பாத்திரங்கள் அப்பகுதியின் பொருளை இந்தி உரைநடையில் பேசுவர். இவ்வுரையாடல் 'சம்வாதம்' எனப்படும். இதனைத் தொகுத்துச் செப்பஞ்செய்த பணி 19ஆம் நூற்றாண்டினது. பாரதேந்து அரிச்சந்திரருக்கும் அதில் பங்குண்டு என்பர். ஆக, காவியமும் அதன் உரையும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. பாடலை ஓதிப் பொருள் கூறும் நம் கதாகாலட்சேப மரபை அறிந்தோர்க்கு இம்முறை புதியதாகத் தோன்றாது. அங்கு ஒருவரே செய்வதை இங்கு இரு குழுவினர் பகிர்ந்துகொள்கின்றனர்.

இராமன், சீதை, தம்பியர் மூவர் ஆகிய ஐவரும் குரல் உடையாத பாலர்களே. 'சுவரூபம்' எனப்படும் இவர்களைக் காண்போர் நடிகராகக் கருதாது தெய்வமாகவே வணங்குவர். வியாசர் எனப்படும் பயிற்றுநர் கையேட்டுடன் அருகில் நின்று அடியெடுத்துக் கொடுப்பர். பாலர் ஒவ்வொரு சொல்லையும் நீட்டி உரத்துக் கூறுவர். இந்நீட்டல் செயற்கையானது என முதன்முறை கேட்போர் எண்ணக்கூடும். ஆயின் ஒலிபெருக்கி இல்லாத திறந்த வெளியில், பெருங்கூட்டத்தின் நடுவே, இளங்குரல் செல்வதற்கு வேறு வழியில்லை. மின்விளக்கும் இல்லை, பெட்ரோமாக்ஸ் விளக்கும் தீவட்டியுமே ஒளி தருகின்றன. தொலைவில் நிற்போர்க்குச் சொல் தெளிவாகக் கேளாது என்பது உண்மையே. அக்குறையை நீக்க ஒலிபெருக்கி வைப்பின், கூட்டம் தானே காக்கும் அமைதியும் பேச்சின் நடையும் மாறிவிடும். நாள்தோறும் தவறாது வரும் 'நேமி'கள் மானசத்தின் சிறு பதிப்பைக் கையில் வைத்து ஓதலைப் பின்பற்றுகின்றனர். அவர்கட்குக் கேளாத சொல்லும் தெரிந்த சொல்லே.

காசி மன்னர் யானைமேல் வருங்கால் மக்கள் 'ஹர ஹர மகாதேவ' என முழங்குவர். அவரைச் சிவனின் பேராளராகக் கருதுவது மரபு. காசி அரசு 1949இல் உத்தரப்பிரதேசத்துடன் இணைந்தது. மன்னர் மானியம் 1971இல் நின்றது. அதன்பின்னும் மன்னர் குடும்பத்தார் விழாவிற்கு வருதல் நிற்கவில்லை. இராமலீலை மரபை யுனெஸ்கோ 2008இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. எனினும் இராமநகர் விழாவைத் தாங்குவோர் அப்பட்டியலைப் பாராத நேமிகளே.

ஒருநாள் மட்டுமே செல்ல இயன்றோர் விசயதசமியைத் தேர்வது வழக்கம். இராவணன் உருவம் எரிவதைக் காணலாம். ஆயின் கூட்டத்தில் சம்வாதம் செவிக்கு எட்டுவது அரிது. கதையைக் கேட்க விரும்புவோர்க்கு இடைப்பட்ட எளிய நாள்களே பொருத்தமானவை. ஒவ்வோர் இரவும் ஆரத்தியுடன் நிறைவுறும். அப்போது கொளுத்தப்படும் வாணம் அங்கு 'மஹ்தாப்' எனப்படும். நிலவொளி என்னும் பொருளுடைய அப்பாரசீகச் சொல்லே தமிழில் மத்தாப்பு ஆயிற்று. முடிசூட்டு நாளில் மட்டும் ஆரத்தி இரவில் நிகழாது. இரவு முழுவதும் விழித்திருக்கும் மக்கள் அதனை வைகறையிற் கண்டு கலைவர்.